பெரிய சாவி

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை மறுபடியும் அதைச் செய்தேன். செய்யக் கூடாது என்று நேற்றுத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுண்டு கூடத்துத் தரையில் வாத்துப் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள், முதுகு என் பக்கம். நான் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை அப்படியே கீழே விட்டேன். சத்தம் கேட்டு, பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பகலக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சுண்டு திரும்பவில்லை.

சில நாள் திரும்புகிறாள். அதுதான் இன்னும் கொடுமை. ஒரேயடியாகத் திரும்பாமல் இருந்தால் ஒரு முடிவாவது தெரியும். திரும்பினால் அன்று முழுக்க நான் பறப்பேன், மறுநாள் மறுபடி பொத்தென்று விழுவேன்.

அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. வாயில் ஒரு சொல் இல்லை. "ம்" என்பாள், "ஈ" என்று இழுப்பாள். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். பிறந்தபோது சுண்டு விரல் அளவுக்குத்தான் இருந்தாள் என்று அம்மா வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைக் கூப்பிட்டால் சில சமயம் பார்ப்பாள், பல சமயம் இல்லை.

"பேசும், பேசும். நீ பயம் வேண்டாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் தாய்மொழி இந்தி. கல்யாணத்துக்குப் பிறகு கற்ற தமிழில் மனுஷர் எல்லாரும் அஃறிணைதான். வழக்கமாக எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த ஒரு வார்த்தையை நான் இந்த நோட்டில் எழுத மாட்டேன். 'செ'வில் தொடங்கும் அந்த வார்த்தை. எழுதினால் வந்துவிடும் போல இருக்கிறது. அகராதி ஆபீசில் சம்பளம் வாங்குகிறவள் இப்படி நினைக்கலாமா? நினைக்கிறேன், என்ன செய்ய.

மார்ச் 5, வியாழன்

ஆபீசில் 'சா' வரிசை ஆரம்பித்துவிட்டது. ஒரு சொல் எங்கே பிறந்தது, எப்படி வந்தது, எந்தெந்த மொழியில் என்னவாக இருக்கிறது என்று தேடி எழுதுவதுதான் எங்கள் வேலை. என் பங்குக்கு முதலில் வந்த சொல் - சாவி. காலையில் கீழே போட்ட சாவிக்கொத்து பையில் கிடக்க, மேசையில் அதே சொல். கேலி செய்கிறார்களா என்று ஒரு நொடி தோன்றியது.

ஆனாலும் வேலை நல்ல மருந்து. மத்தியானம் வரை பயம் எட்டிப் பார்க்கவில்லை. லத்தீனில் கிளாவிஸ். அதிலிருந்து இத்தாலியில் கியாவெ, ஸ்பானியத்தில் யாவெ, பிரெஞ்சில் கிளே. போர்த்துகீசியத்தில் சாவெ. அது கப்பலேறி வந்து இங்கே எல்லார் இடுப்பிலும் தொங்கிவிட்டது. தமிழில் சாவி, மராத்தியில் சாவி, கொங்கணியில் சாவி, இந்தியிலும் வங்காளத்திலும் சாபி. லத்தீன்காரர்கள் தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பைக்கூடச் 'சின்னச் சாவி' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பூட்டிய அறைக்கு 'சாவியோடு' என்று பொருள்படும் ஒரு சொல் அவர்களிடம் உண்டு.

எதிர் மேசைக்காரர் ஒருவர் இருக்கிறார். எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு ஆதாரம் சார் என்றே பெயர். "தமிழுக்கு நேரா கப்பல்ல வந்துதா, இல்ல பக்கத்து மொழிக்காரன் வீட்டுல தங்கிட்டு நடந்து வந்துதா? ஆதாரம் என்னம்மா?" என்று பிடித்துக்கொண்டார். தெரியாது சார் என்றேன். "அப்ப ஐயம்னு போடு. தெரியாததைத் தெரியாதுன்னு எழுத ஒரு தைரியம் வேணும்" என்றார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் பார்த்தால் போதாது; ஒவ்வொரு மொழியிலும் அந்தச் சொல்லைப் பேசுகிற வாயிலிருந்து காதால் கேட்க வேண்டும். எனக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக் கதவில் உள்பக்கம் செருகியிருக்கும் பெரிய சாவியை உருவி, வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்ன?" என்றேன். பழைய கட்டடம், சாவி என் உள்ளங்கை நீளம் இருக்கும். "சாபி. உனக்கு என்ன ஆச்சு?" என்றார். பகலக்காவிடம் நீட்டினேன். அவருக்கு மராத்தி. "சாவி. பூட்டணுமா தங்கச்சி?" என்றார்.

சுண்டு எல்லாவற்றையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஓடிப்போய் வாத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். முறுக்கிவிட்டால் தத்தித் தத்தி நடக்கும் தகர வாத்து. பக்கவாட்டில் குட்டிச் சாவி ஒன்று செருகி எடுக்கலாம். அது நின்றுபோனால் யார் கிடைக்கிறார்களோ அவர் மடியில் வைப்பாள். நாங்களும் குனிந்து அவள் முகத்தோடு முகம் வைத்துக் கேட்போம். நான் "சாவி குடுக்கட்டுமா?" என்பேன். இவர் மொழியிலும் சாபி கொடுப்பதுதான், அக்கா மொழியிலும் சாவி கொடுப்பதுதான். கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் மூன்று பேரும் ஒரே மாதிரி 'கொடுக்கிறோம்'. இதை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. குறித்துவைத்துக்கொண்டேன். வாத்து நடந்தது, சுண்டு கைகொட்டினாள்.

நல்ல நாள்.

மார்ச் 9, திங்கள்

பேச்சு ஆலோசகரிடம் போய் வந்தோம். சின்ன அறை, சுவர் முழுக்கப் படங்கள். பந்தைக் காட்டினார், பூனையைக் காட்டினார். சுண்டு நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வீட்டுல எத்தனை மொழி?" என்று கேட்டார். மூன்று என்றேன். ஆங்கிலத்தையும் சேர்த்தால் மூன்றரை என்றார் இவர். ஆலோசகர் சிரிக்கவில்லை.

"ஆளுக்கு ஒரு மொழின்னு வச்சுக்குங்க. கலக்காதீங்க. காதையும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். காது டாக்டரிடம் இருபத்தாறாம் தேதிதான் இடம் கிடைத்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடியது. கலக்காதீங்க. அப்படியென்றால் நாங்கள்தான் கலக்கிக் கெடுத்தோமா? நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அந்தப் பிஞ்சு மூளையைக் குழப்பிவிட்டோமா?

மார்ச் 10, செவ்வாய்

கலக்காமல் இருப்பது என்றால் என்ன என்று இந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்குச் சோறு போடுவதே அதுதானே. எந்தச் சொல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

முடிவு செய்துவிட்டேன். என் வாயிலிருந்து சுண்டுவின் காதுக்குப் போவது சுத்தத் தமிழ் மட்டும். இவர் மொழியிலோ அக்கா மொழியிலோ இருக்கிற சொல் எதுவும் நான் சொல்வதில்லை. அலமாரி கிடையாது, நிலைப்பேழை. துவாலை கிடையாது, துடைதுண்டு. பிஸ்கட்டுக்கு மாச்சில். சாவி இனி திறவுகோல். அவர்களும் தமிழ்ச் சொல் எதையும் அவளிடம் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களை யார் வைத்துக்கொள்வது என்று இவர் கேட்டார். யாரும் வேண்டாம் என்றேன்.

"அப்ப சாபிக்கு நான் என்ன சொல்லும்?"

"உங்க மொழியில குஞ்சின்னு ஒண்ணு இருக்கில்ல, அதைச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல யாரும் அதைச் சொல்லாது!"

வாத்து ஒரு பிரச்சினை. அதை எடுத்தாலே மூன்று பேர் வாயிலும் அந்தக் கலப்புச் சொல்தான் வருகிறது, பழக்க தோஷம். அதனால் வாத்தை எடுத்துப் படுக்கையறை அலமாரியின் - நிலைப்பேழையின் - கீழ்த்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். கொஞ்ச நாளைக்குத்தான்.

ராத்திரி அம்மா போன் செய்தாள். நான் சுண்டுவிடம் "நிலைப்பேழையை மூடம்மா" என்று சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது. "என்னடி, குழந்தைகிட்ட செய்தி வாசிக்கிறியா?" என்றாள். நான் சண்டை போட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். "உங்கப்பா மூணரை வயசுலதான் வாயைத் திறந்தாராம். திறந்தவர் இன்னிவரைக்கும் மூடலை. எல்லாம் வரும், சும்மா இரு" என்றாள். சும்மா இருக்கத்தான் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

ஒரே சொல் வடிவத்துக்கு வேறு வேறு பொருள் இருந்தால் தனித்தனியாகப் பதிவது எங்கள் முறை. சாவிக்கு இரண்டாவது பதிவு ஒன்று இருக்கிறது. இதற்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை, நம்முடையதே. அட்டையில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: மணி பிடிக்காமல் போன கதிர்.

படித்ததும் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து முகம் கழுவப் போனேன். வெளியே பார்க்கப் பச்சையாக, வளர்ந்து, காற்றில் ஆடி, உள்ளே ஒன்றும் இல்லாமல்... சீ, என்ன நினைப்பு இது! பெற்றவள் நினைக்கிற நினைப்பா?

ஆதாரம் சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "உடம்பு சரியில்லையா?" என்றார். ஒன்றுமில்லை சார் என்றேன். அதற்கு மட்டும் அவர் ஆதாரம் கேட்கவில்லை.

இரண்டாவது பதிவை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

சுண்டு இப்போது கையைப் பிடித்து இழுப்பதுகூட இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் வேண்டுமென்றால் என்னைப் பானை வரை தள்ளிக்கொண்டு போவாள். இன்று தாகத்தோடு பானைக்கு முன்னால் போய்ச் சும்மா நின்றாள். பகலக்கா பார்த்துக் கொடுத்திருக்கிறார். அக்காவும் அவளிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார். "எந்த வார்த்தை எங்களுது, எந்த வார்த்தை உங்களுதுன்னு எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? தப்பாயிடுமோன்னு வாயை மூடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

சாயங்காலம் இவரோடு பெரிய சண்டை. இவர் சுண்டுவைக் குளிப்பாட்டினார், துடைத்தார், சட்டை போட்டார், எல்லாம் ஊமைப் படம் மாதிரி. முன்பு குளியலறையில் இவர் பாட்டுச் சத்தம் தாங்காது. ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தினேன்.

"எனக்குப் பயம்" என்றார். "என் பொண்ணுகூடப் பேச எனக்குப் பயம். நான் பேசினா அவளுக்குக் கெட்டது ஆகும்னு நீ சொன்னது."

நான் அப்படியா சொன்னேன்? அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வேறு வார்த்தைகளில்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது காது டாக்டருக்கு. அதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மார்ச் 21, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்க்கிறேன்.

காலையில் படுக்கையறையில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். நான்தான் திறந்தேன். கம்பி இல்லாத ஜன்னல். கட்டில் அதை ஒட்டித்தான் கிடக்கிறது. நாலாவது மாடி. திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். இவர் கூடத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர்! ஒரு குழந்தையைப் பார்க்க மூன்று பேர் இருந்தும் யாரும் பார்க்கவில்லை.

கதவு சாத்துகிற சத்தம். அதற்கப்புறம் கடக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பெரிய சாவி திரும்புகிற சத்தம்.

ஓடினேன். கதவு பூட்டியிருக்கிறது. சுண்டு உள்ளே. "சுண்டு! கதவைத் திறடா கண்ணு! சுண்டு!" ஒன்றும் இல்லை. இவர் வந்து தோளால் இடித்தார். பழைய காலத்துக் கதவு, அசையவே இல்லை. இடிக்க இடிக்க உள்ளே அவள் பயந்துபோய்ப் பின்னால் போய்விட்டால்? பின்னால் என்ன இருக்கிறது, கட்டில். கட்டிலில் ஏறினால்? "இடிக்காதீங்க! இடிக்காதீங்க!" என்று இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இவர் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டார். வருகிறோம் என்றார்கள். எப்ப வருவாங்க, எப்படி வருவாங்க, அதுக்குள்ள என்ன ஆகும்...

அப்புறம் சாவித் துவாரத்தில் சத்தம். உருவிவிட்டாள். அன்றைக்கு நான் உருவிக் காட்டினேனே, கண்கொட்டாமல் பார்த்தாளே, அப்படியே உருவிவிட்டாள். துவாரம் வழியாகப் பார்த்தேன். கட்டிலின் ஒரு மூலை தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. அவள் தெரியவில்லை.

"சுண்டு, திறவுகோல்! திறவுகோலை எடுத்துக்கிட்டு வாம்மா!" - அடிப் பாவி! உயிர் போகிற நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். கட்டில் கிரீச்சென்றது. ஏறுகிறாள். ஐயோ, ஏறுகிறாள்.

பகலக்கா என்னைத் தள்ளிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். கதவுக்கு அடியில் நல்ல இடைவெளி, பூச்சி வராமல் இருக்க இவர் கதவின் அடியில் ஒட்டிவைத்த துணியைப் பிடுங்கி எறிந்தார். கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து அந்த இடைவெளி வழியாக, கத்தவில்லை, பொம்மைக்குக் கேட்பாரே, அதே மாதிரி இழுத்து, "சாஆவி... சாவி?" என்றார்.

கட்டில் சத்தம் நின்றது.

நானும் படுத்தேன். இவரும் படுத்தார். மூன்று தலையும் முட்டிக்கொண்டன. "சாவி! சாவி குடுக்கட்டுமா? சாவி!" "சாபி, பேட்டா, சாபி!" "சாவி, சாவி!" யார் எதைச் சொன்னோம் என்று தெரியாது. அந்த இடுக்கு வழியாக இரண்டு சின்னப் பாதங்கள் வருவது தெரிந்தது. நின்றன. உட்கார்ந்தாள்.

இடுக்கில் ஏதோ உரசியது. ஒரு சாவி வெளியே வந்தது.

வாத்தின் சாவி! அந்தக் குட்டிச் சாவி! அப்போதுதான் புரிந்தது, உள்ளே எதைத் தேடிப் போயிருக்கிறாள் என்று. நான் ஒளித்துவைத்த வாத்தைக் கண்டுபிடித்து எடுத்திருக்கிறாள். சாவி என்று கேட்டதும் வாத்துக்குச் சாவி கொடுக்கப் போகிறோம் என்று நம்பி, சமர்த்தாக நீட்டுகிறாள். இவர் அழுதுகொண்டே சிரித்தார்.

"பெரிசு!" என்று கத்தினேன். "பெரிய சாவி, கண்ணு! பெரிய சாவி!"

"படீ சாபி! படீ வாலீ!"

"மோட்டி சாவி! மோட்டி!"

பாதங்கள் எழுந்து போய்விட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டில் சத்தம் வந்திருந்தால் என் உயிர் அங்கேயே போயிருக்கும். வரவில்லை. பாதங்கள் திரும்ப வந்தன. பெரிய சாவி இடுக்கில் பாதி வந்து சிக்கிக்கொண்டது. பகலக்கா விரலை விட்டு இழுத்து எடுத்தார். அவர் நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததை நாங்கள் அப்புறம்தான் பார்த்தோம்.

திறந்தபோது சுண்டு தரையில் வாத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். இத்தனை பேர் ஏன் தரையில் கிடக்கிறோம் என்கிற மாதிரி. அவளைத் தூக்கி நான் அழுத அழுகையில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். வந்ததற்கு ஒருவர் வாத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 22, ஞாயிறு

வீட்டில் எல்லாக் கதவுகளிலிருந்தும் சாவியை உருவியாயிற்று. ஜன்னலுக்குக் கம்பி போட நாளைக்கு ஆள் வருகிறார். வாத்து கூடத்தின் நடுவில் இருக்கிறது. அலமாரி அலமாரியாகவே இருக்கிறது. இவர் காலையிலிருந்து பாடுகிறார், தாங்க முடியவில்லை, பாடட்டும்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டுப்போட்ட விரலை ஆட்டிக்கொண்டு, "பிஸ்கட்டுன்னு இனிமே சொல்லலாமா தங்கச்சி?" என்றார்.

எனக்குள் ஒரே ஓட்டம். பெரியது எது, சின்னது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யார் சொல்லிப் புரிந்துகொண்டாள்? நான் பெரிய என்றேன், இவர் படீ என்றார், அக்கா மோட்டி என்றார். ஒன்றா, மூன்றுமா? எப்படியானாலும் உள்ளே மணி பிடித்திருக்கிறது. ஆனால்... அப்படியென்றால் பேச்சு ஏன் வரவில்லை? பின்னால் சாவிக்கொத்து விழுந்தால் ஏன் திரும்பவில்லை? அந்த 'செ' வார்த்தை மறுபடி வந்து வாசலில் நிற்கிறது. முன்பு மண்டைக்குப் பயந்தேன், இப்போது காதுக்குப் பயப்படுகிறேன்.

மத்தியானம் அவள் என் மேல் படுத்துத் தூங்கினாள். சட்டைக் கழுத்துக்குள் தெரிந்த காறை எலும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். சின்னச் சாவி. எழுப்பிவிடுவேன் என்று இவர் திட்டினார்.

மார்ச் 26, வியாழன்

காது டாக்டர் அவசரமே படாத மனுஷர். விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். ஏதோ ஒரு கருவியை வைத்தார், தாளில் ஒரு கோடு வந்தது. மேடு இல்லாத கோடு. மேடு வர வேண்டுமாம்.

நானே கேட்டுவிட்டேன். எழுத மாட்டேன் என்ற வார்த்தையை வாயால் சொல்லிவிட்டேன். "டாக்டர், செவிடா?"

"இல்லம்மா. செவிப்பறைக்குப் பின்னால பசை மாதிரி நீர் கட்டியிருக்கு, ரெண்டு பக்கமும். நீங்க தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு மேல பேசறவங்களைக் கேட்டா எப்படி இருக்கும்? அவ அப்படித்தான் கேட்டுக்கிட்டிருக்கா, ரொம்ப நாளா."

சளி பிடித்தால் கூடுமாம், விட்டால் குறையுமாம். அதனால்தான் சில நாள் திரும்பினாள். மொழி அதிகமானதால் இப்படி ஆகுமா என்று இவர் கேட்டார். டாக்டர் இவரை விசித்திரமாகப் பார்த்து, "மொழி காதுக்குள்ள நீர் கட்டாதுங்க" என்றார். செவிப்பறையில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைப்பார்களாம். சின்ன வேலைதானாம். மயக்க மருந்து கொடுத்து.

சாவி கதையைச் சொன்னேன். "பொம்மைக்குச் சொல்லும்போது மூணு பேரும் பக்கத்துல குனிஞ்சு சொன்னீங்க இல்ல? எல்லாரும் ஒரே மாதிரி சொன்னீங்க. அது அவளுக்குள்ள போயிருக்கு. மத்த வார்த்தைங்க பாதி பாதியா போயிருக்கும்" என்றார்.

நான் அந்த ஒரு வார்த்தையைத்தான் வீட்டை விட்டுத் துரத்தினேன். வாத்தையும் சேர்த்து.

ஏப்ரல் 1, புதன்

சாவிப் பதிவை முடித்துக் கொடுத்தேன். வந்த வழி: ஐயம். எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்று வேண்டும். 'பெரிய சாவியைக் கொடு' என்று எழுதியிருந்தேன்.

"ஆதாரம்?" என்றார் எதிர் மேசை.

"எங்க வீட்டுப் படுக்கையறைக் கதவு சார்."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பேச்சு வழக்கு என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டாம் தேதி லீவு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார், சுண்டு காதில் குழாய் வைக்கும் நாள் என்றேன். அன்றைக்கு என் அட்டைகளையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மயக்க மருந்து. மயக்க மருந்து. மயக்க மருந்து. இத்தனூண்டு உடம்பு. கண் திறக்கவில்லை என்றால்?

ஏப்ரல் 8, புதன்

திறந்தாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று மிக்சியைப் போட்டேன். சமையலறை வாசலில் நின்றிருந்த சுண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டு அலறினாள். அலறிக்கொண்டே ஓடிப்போய்ப் பகலக்காவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். பிறந்ததிலிருந்து அந்த மிக்சி தினமும்தான் ஓடுகிறது. ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். குழந்தை பயத்தில் நடுங்குகிறது, நாங்கள் இரண்டு பைத்தியங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். அப்புறம் போய் அணைத்துக்கொண்டேன். சட்னி அரைபடவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

கதவுமணிக்குப் பயம். பிரஷர் குக்கருக்குப் பயம். மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் பயம். இவர் தும்மலுக்குப் பெரும் பயம், அதில் நியாயம் இருக்கிறது. என் பயத்தையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன் போல. அவள் மடியில் இருக்கும்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த மொழி என்று பார்ப்பதில்லை.

பேச்சு இன்னும் வரவில்லை. டாக்டர் அவசரப்படாதீர்கள் என்றார். படவில்லை. கொஞ்சம் படுகிறேன்.

ஏப்ரல் 18, சனி

இன்று காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் வெளியே கிளம்புகிற அவசரத்தில் சாவிக்கொத்தைக் கூடத்தில் கீழே போட்டிருக்கிறார். சுண்டு முதுகைக் காட்டிக்கொண்டு வாத்தோடு உட்கார்ந்திருந்தாளாம். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியிருக்கிறாள். உதடு பிதுங்கியிருக்கிறது. அழப்போகிறாள் என்று இவர் நினைத்திருக்கிறார். அழவில்லை. சாவிக்கொத்தைப் பார்த்து விரலை நீட்டி, மிரட்டுகிற மாதிரி, சொல்லியிருக்கிறாள்.

நான் தலையில் சோப்போடு வெளியே வந்தபோது கூடத்தில் பெரிய சண்டை. "சாபின்னு சொன்னது! தெளிவா சொன்னது!" என்று இவர் குதிக்கிறார். "காதுல என்ன அடைச்சிருக்கு உங்களுக்கு? சாவின்னுதான் சொன்னா, எங்க பாஷையில" என்கிறார் அக்கா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல் என்று. என் தொழில் அதுதானே.

நான் என்ன தீர்ப்புச் சொல்ல? குழாயைத் திறந்து விட்டிருந்தேன், தண்ணீர் சத்தம். எனக்குக் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னபோது, "ஐயோ, மூணு வருஷமா காத்திருந்து முத வார்த்தையைக் கோட்டை விட்டுட்டியேடி!" என்றாள். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டியா என்றாள். கேட்கவில்லை. சோப்பு கண்ணில் எரிந்துகொண்டிருந்தது, திரும்பப் போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

நாளைக்குச் சொல்வாள்.